மூன்று ரப்லெட் வாங்க முன்னர்

முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பக்கம் நீங்கள் படிப்பிக்கும் ஒரு பாடசாலை, தரம் 7, 34 பிள்ளைகள். அதில் மூன்று பேரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்: பிறப்பிலேயே வெளிறிய தோலும் முடியும், மங்கிய பார்வையும் உள்ள ஒரு பிள்ளை; காதுக் கருவி இருந்தும் அதைப் போடாமல் வரும் ஒரு பையன்; சக்கர நாற்காலியில் வரும் இன்னொரு பையன். கனடாவில் உள்ள பழைய மாணவர் ஒருவர் மூன்று ரப்லெட் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், எந்த மொடல் நல்லது என்பது கேள்வி. மொடலைச் சொல்வது லேசு. ஆனால் இந்த மூவரும் பாடத்தின் எந்த இடத்தில் கைநழுவிப் போகிறார்கள், அந்த இடத்தில் எதை வைத்தால் தொடர்ந்து வருவார்கள் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் ரப்லெட் ஒருவருக்கு நன்றாக உதவும், ஒருவருக்குக் கொஞ்சம் உதவும், மூன்றாமவருக்கு அந்தக் காசில் வேறு ஏதாவது செய்வது மேல்.

வாங்க முன்னர் ஒரு வாரம் ஒரு கொப்பி வைத்துக் குறியுங்கள். ஒவ்வொரு பாட நேரத்திலும் அந்தப் பிள்ளை எதைச் செய்யாமல் விட்டது: கரும்பலகையைப் பார்த்து எழுதாமலா, சொன்னதைக் கேளாமலா, கேட்டும் எழுத நேரம் போதாமலா, அல்லது வகுப்புக்கே வந்து சேராமலா. ஐந்து நாளில் ஒரே விடயம் எட்டுப் பத்துத் தடவை வரும். கருவி அதற்குத்தான் வேண்டும். இப்படிக் குறிக்காமல் வாங்கிய கருவி முதல் தவணை முடிய அலுமாரிக்குள் போய்விடும்.

காதுக் கருவிப் பையனில் தொடங்குகிறேன். மூவரிலும் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய மாற்றம் வரக்கூடியது அவனில்தான். "போட விருப்பமில்லையாம்" என்று தாய் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் காரணமில்லாமல் கழற்றுவதில்லை. பெரும்பாலும் நான்கில் ஒன்று: பற்றரி இறந்திருக்கும், காதுக்குள் வைக்கும் அச்சு சிறிதாகிவிட்டதால் கீச்சென்று விசிலடிக்கும், வியர்வை நீர் குழாய்க்குள் நின்று சத்தம் அடைபடும், அல்லது கருவி எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கூட்டித் தந்து தலையிடி வரவைக்கும். முதல் மூன்றும் பாடசாலையிலேயே கண்டுபிடிக்கக்கூடியவை.

பற்றரியைப் பற்றிச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். பொத்தான் மாதிரி இருக்கும் இந்தத் துத்தநாக-காற்றுப் பற்றரி, ஒட்டியிருக்கும் நிறத் தாளை உரித்ததும் துளைகள் வழியாகக் காற்றை இழுத்து வேலை செய்யத் தொடங்கும். தாளின் நிறமே அளவைச் சொல்லும்: மஞ்சள் 10, மண்ணிறம் 312, செம்மஞ்சள் 13, நீலம் 675. காதுக்குப் பின்னால் கொழுவும் பெரிய கருவிகளுக்கு அநேகமாக 13 அல்லது 675. தாளை உரித்து உடனே மூடிவிட்டால் காற்றுப் போதாமல் அது முழு வலுவுக்கு வராது; ஓரிரு நிமிடம் வெளியில் வைத்துவிட்டுப் போட வேண்டும். உரித்த தாளைத் திரும்ப ஒட்டினாலும் அது தீர்ந்துகொண்டேதான் இருக்கும். இன்னொன்று: இந்தப் பற்றரி டோர்ச் பற்றரி போல மெல்ல மெல்ல மங்காது. கடைசிவரை ஒரே வலுவில் இருந்துவிட்டுச் சட்டென்று விழும். காலையில் கேட்ட பையனுக்கு மூன்றாம் பாடத்தில் ஒன்றுமே கேளாமல் போவது அதனால்தான். அதைக் கவனக்குறைவு என்று எண்ணி ஏசிவிடுவோம். ஒரு பற்றரி ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் தாங்கும் என்று வைத்தால், இரண்டு காதுக்கும் ஆண்டுக்கு 50 முதல் 100 பற்றரி வேண்டும். அன்பளிப்புப் பட்டியலில் முதல் வரியாக இதை எழுதுங்கள். காலாவதித் திகதி பார்த்து, ஆறு மாதத்துக்கு மேல் தேவையானதை ஒரே தடவையில் வாங்காமல் இருப்பது நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம், வெளியே எடுக்கும்போது ஈரம் பூக்கும்.

காலையில் வகுப்பு தொடங்க முன்னர் ஒரு நிமிடச் சோதனை ஒன்று உண்டு. ஒரு தாளால் உங்கள் வாயை மறைத்துக்கொண்டு, ஒரு மீற்றர் தூரத்தில் நின்று, சாதாரணக் குரலில் ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளையும் ஒழுங்கு மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். கேட்டதும் பையன் திரும்பச் சொல்ல வேண்டும், அல்லது கை தூக்க வேண்டும். பேச்சின் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை இந்த ஆறும் ஏறக்குறைய அடக்கிவிடும். ஆறும் நேற்றுக் கேட்டு இன்று ஸ், ஷ் மட்டும் கேளாவிட்டால் குழாயில் அடைப்போ ஈரமோ இருக்கலாம். ஒன்றுமே கேளாவிட்டால் முதலில் பற்றரி. இடைவெளி விட்டுச் சொல்லுங்கள், ஒரே தாளத்தில் சொன்னால் பிள்ளை தாளத்தைப் பிடித்துக்கொண்டு கை தூக்கும். தாளால் வாயை மறைப்பதும் இப்படி ஊகிக்க விடாமல் இருக்கத்தான். வாயசைவைப் பார்த்துச் சொல்வதில் இந்தப் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்.

விசில் வருவது அச்சுக்கும் காதுக்கும் இடையில் சத்தம் கசிந்து மீண்டும் ஒலிவாங்கிக்குள் போவதால். வளரும் பிள்ளைக்குக் காது வளரும், அச்சு வளராது. இந்த வயதில் ஆண்டுக்கு ஒருமுறையாவது புது அச்சு எடுக்க வேண்டியிருக்கும். விசிலை நிறுத்த வீட்டில் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். விசில் நிற்கும், கேட்பதும் நின்றுவிடும். அச்சு எடுப்பது கேள்திறன் பரிசோதகரின் வேலை, வகுப்பறையில் செய்வதல்ல. ஈரத்துக்கு வழி எளிது: இறுக்கி மூடும் ஒரு சிறிய பிளாஸ்ரிக் டப்பா, அதற்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் கொஞ்சம். இரவில் பற்றரியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, கருவியின் பற்றரி மூடி திறந்தபடி கருவியை மட்டும் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை இறுக்கி மூட வேண்டும். பற்றரியும் சேர்ந்து உள்ளே இருந்தால் அதுவும் காய்ந்து கெட்டுவிடும். ஜெல் நிறம் மாறினால் வெறும் சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் பாவிக்கலாம். அந்தச் சட்டியில் பிறகு சமைக்க வேண்டாம்.

நான்காவது காரணம், அதாவது இரைச்சல், கருவியால் மட்டும் தீராது. சத்தம் வரும் இடத்திலிருந்து தூரம் இரட்டிக்கும்போது வெளியில் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். ஒரு மீற்றரில் 65 டெசிபலாக இருக்கும் உங்கள் குரல் நான்கு மீற்றரில் 53 ஆகிவிடும். வகுப்பறைக்குள் எதிரொலியால் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே விழும், ஆனால் அந்த எதிரொலி தெளிவைத் தின்றுவிடும். காது குறைந்த பிள்ளைக்குக் குரல் சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது கூட இருக்க வேண்டும் என்பது இத்துறையில் வழக்கமாக வைக்கும் அளவு. அரைச் சுவர் வைத்த, பக்கத்து வகுப்புக்கும் நமக்கும் நடுவில் ஒரு தட்டி மட்டும் உள்ள கட்டடத்தில் இதைக் குரலால் எட்ட முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழை தகரத்தில் விழத் தொடங்கினால் கேட்கவே வேண்டாம்: கருவி மழையைத்தான் பெருப்பித்துக் கொடுக்கும். அந்த நேரத்தில் அவன் கழற்றி வைத்தால் விட்டுவிடுங்கள்; பலகையில் எழுதி நடத்துங்கள், மற்ற 33 பேருக்கும் அந்த நேரம் கேளாதுதான்.

ஆகவே இருக்கை முக்கியம். எல்லாரும் முதல் வரிசையின் நடுவில் இருத்துவார்கள். அங்கே இருந்தால் ஆசிரியரைக் காணலாம், பின்னால் இருந்து பதில் சொல்லும் பிள்ளைகளின் முகம் தெரியாது. இரண்டாம் வரிசையின் ஓரம், நல்ல காது வகுப்பின் பக்கம் இருக்குமாறு, திரும்பிப் பார்க்கச் சுதந்திரத்தோடு இருப்பது மேல். நீங்கள் நிற்கும் இடமும் அப்படியே: வெளிச்சம் வரும் திறந்த பக்கத்துக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் கறுத்துவிடும், வாயசைவு தெரியாது. பலகையில் எழுதிக்கொண்டே பேசுவது, புத்தகத்தால் வாயை மறைத்து வாசிப்பது இரண்டையும் விட்டால் போதும், பாதி வேலை முடிந்தது. இன்னொரு பிள்ளை சொன்ன பதிலை நீங்கள் ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள்.

ஆசிரியர் கழுத்தில் ஒலிவாங்கி போட்டு நேரே கருவிக்குச் சத்தம் அனுப்பும் தொகுதி உண்டு. வாய்க்கு 15 முதல் 20 சென்ரிமீற்றர் கீழே அது இருப்பதால், நீங்கள் எங்கே நின்றாலும் பையனுக்கு நீங்கள் பக்கத்தில் நிற்பது போலக் கேட்கும். இரைச்சலான வகுப்பில் இது உதவும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவனுடைய கருவியில் அதை ஏற்கும் வசதி, அதாவது காந்த அலையில் சத்தத்தை வாங்கும் சுருள் (ரெலிகொயில்) அல்லது புளூடூத் அல்லது அதே கொம்பனியின் அலைவாங்கி, இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கினால் காசு மண்ணில். கருவியின் மொடல் இலக்கத்தை எழுதி, கருவி பொருத்தியவரிடம் கேட்ட பிறகே வாங்குங்கள். இடுப்பில் கட்டும் சின்ன ஒலிபெருக்கி பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். தகரக் கூரைக்குக் கீழே அது சத்தத்தைக் கூட்டும், தெளிவைக் கூட்டும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஒரு வாரம் இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பேச்சை எழுத்தாக்கும் செயலிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கூகிளின் லைவ் ட்ரான்ஸ்கிரைப் 2019 இல் வந்தது, தமிழும் அதில் உண்டு. மொழிப் பட்டியலில் தமிழ் இலங்கை இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். இணையம் வேண்டும். மேடைப் பேச்சு மாதிரி நிறுத்தி, ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பேசினால் பரவாயில்லை. "வாங்கோ, கொப்பியை எடுங்கோ, போன கிழமை விட்ட இடத்திலிருந்து பாப்பம்" என்று நாம் உண்மையில் பேசும் பேச்சிலும், விஞ்ஞானக் கலைச்சொற்களிலும் தடுமாறும். குறிப்பெடுக்க நம்பி விடக்கூடாது. பக்கத்தில் இருக்கும் ஒரு நண்பனின் கொப்பியைப் பார்த்தெழுத விடுவது இன்னும் நம்பகமான தொழில்நுட்பம்.

அடுத்தது பார்வை மங்கிய பிள்ளை. ரப்லெட் பயன்படப் போவது இவருக்குத்தான், ஆனால் அதற்கு முன்னர் மூன்று காரியம். வெளிறிய தோல் உள்ள பிள்ளைகளுக்குக் கண் கூச்சம் பெரிய பிரச்சினை; வன்னி வெயிலில் திறந்த பக்கத்தைப் பார்த்து இருத்தினால் கண்ணே திறக்க முடியாது. வெளிச்சம் முதுகுப் பக்கமோ தோள் பக்கமோ வரட்டும். வகுப்புக்குள்ளும் விளிம்புத் தொப்பி போட அதிபரிடம் அனுமதி வாங்குங்கள், மற்றப் பிள்ளைகளுக்கு ஏன் என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள். இரண்டாவது, தலையைச் சரித்து ஒரு பக்கமாகப் பார்த்தால் "நேரே பார்" என்று திருத்த வேண்டாம். இந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கண்மணி ஆடிக்கொண்டே இருக்கும், ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் அது அடங்கும். அந்தக் கோணத்தை அவர்களே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். மூன்றாவது, புத்தகத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்து வாசிப்பதால் கண் கெடாது. வீட்டுக்காரருக்கும் இதைச் சொல்லுங்கள். தூரத்தைக் கால்வாசியாக்கினால் எழுத்து நான்கு மடங்கு பெரிதாகத் தெரியும். காசில்லாத உருப்பெருக்கி அது. மேசையில் 20, 30 பாகை சரிவாக ஒரு பலகை வைத்தால் கழுத்து நோகாது, அதை உள்ளூர்த் தச்சரே அடித்துத் தருவார்.

கரும்பலகைக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். கண் கிளினிக் அட்டையில் 6/60 என்று எழுதியிருந்தால், ஆறு மீற்றரில் ஏறக்குறைய 87 மில்லிமீற்றர் உயரமான எழுத்தைத்தான் அந்தக் கண் மட்டுக்கட்டிப் பிடிக்கும். ஒன்றரை மீற்றரில் இருத்தினால் 22 மில்லிமீற்றர் எழுத்து போதும் என்று வரும். ஆனால் இது மட்டுக்கட்டிப் பிடிக்கும் அளவு. சோர்வில்லாமல் வாசிக்க அதன் இரு மடங்காவது வேண்டும். தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தைவிடச் சிக்கலானது என்பதால் 5 சென்ரிமீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை அல்லது மஞ்சள் வெண்கட்டி, நன்றாகத் துடைத்த பலகை. சிவப்பும் நீலமும் நமக்குத்தான் அழகு.

அச்சுத் தாளில் போட்டோக்கொப்பிக் கடையில் ஏ4 ஐ ஏ3 ஆக்கித் தருவார்கள். எழுத்து 1.41 மடங்குதான் பெருக்கும், 12 புள்ளி எழுத்து 17 ஆகும், தாளோ மேசையை மூடிவிடும். அதைவிட 20 முதல் 24 புள்ளியில் புதிதாக அடித்து ஏ4 இலேயே எடுப்பது நல்லது. மங்கிய கொப்பியில் முதலில் காணாமல் போவது புள்ளிதான்: க் எது, க எது என்று தெரியாது. அடுத்தது கி, கீ இரண்டுக்கும் உள்ள சின்னச் சுழி வித்தியாசம். பிறகு ர வும் கால் அரவும் (ா) ஒன்றாகிவிடும். பிள்ளை பிழையாக வாசித்தால் வாசிப்புப் பலவீனம் என்று முடிவெடுக்க முன்னர் அந்தத் தாளை நீங்களே கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம், தடித்த எழுத்துத் தெரிவை அமுக்கினால் ண, ணி போன்றவற்றின் வளையங்கள் அடைந்துபோகும். நடுத்தரத் தடிப்பும் ஒன்றரை வரி இடைவெளியும் போதும்.

இப்போது ரப்லெட். திரை 10 அங்குலம், நினைவகம் 4 ஜிபி, காதுக்குழாய் கொழுவும் துளை, பின் கமெராவில் தானே குவியும் வசதி. கடைசியாகச் சொன்னதை விற்பவர் சொல்ல மாட்டார். விலை குறைந்த பல ரப்லெட்டுகளில் கமெரா தூரத்துக்குக் குவித்து நிரந்தரமாக நிறுத்தப்பட்டிருக்கும், புத்தகத்தைக் கிட்டப் பிடித்தால் மங்கும். அப்படியானது இந்தப் பிள்ளைக்கு வீண். கடையிலேயே ஒரு பத்திரிகையை 15 சென்ரிமீற்றரில் பிடித்து, திரையைத் தொட்டு, எழுத்து வெட்டினது போல வருகிறதா என்று பாருங்கள். வாங்கியதும் அமைப்பில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் உருப்பெருக்கம், தெரிவுசெய்ததை வாசித்தல் இரண்டையும் இயக்குங்கள். வீட்டுக்கு அனுப்ப முன்னர் நல்ல இணையம் உள்ள இடத்தில் கூகிள் பேச்சுச் சேவையின் தமிழ்க் குரலை இறக்கி வையுங்கள். பிறகு சிக்னல் இல்லாத இடத்திலும் வாசிக்கும். பளபளப்பைக் குறைக்கும் மங்கல் தாள் ஒன்று திரைக்கு ஒட்டுங்கள். கரண்ட் நம்பிக்கையில்லாத வீட்டுக்கு 10,000 மில்லியம்பியர்மணி பவர்பாங்க் ஒன்று. பாடசாலையில் மாணவர் கையில் இப்படியான கருவி இருக்க அதிபரின் எழுத்து அனுமதி வேண்டும், வலயக் கல்வி அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பி வைத்தால் பிறகு கேள்வி வராது.

இனித்தான் பெரிய சிக்கல், அது கருவியில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. வினாத்தாளையும் குறிப்பையும் நாம் இன்னமும் பாமினி எழுத்துருவில் அடிக்கிறோம். கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு ஆங்கில எழுத்து. "அம்மா" என்று நீங்கள் அடித்ததை, எழுத்தைச் சத்தமாக வாசிக்கும் மென்பொருளான வாசிப்பான் "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்று வாசிக்கும். பிள்ளை அரை நிமிடம் கேட்டுவிட்டு மூடிவிடும், "ரப்லெட் சரியில்லை" என்று பழி கருவிக்குப் போகும். எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட்டில் அடித்தால் மட்டுமே பேசும், தேடும். விரல் பழகியது பாமினி முறை என்றால் விரலை மாற்றத் தேவையில்லை: ஈ-கலப்பை போன்ற இலவச மென்பொருளில் பாமினித் தட்டச்சு முறையைத் தெரிவுசெய்து யூனிகோட்டில் அடிக்கலாம். பழைய குறிப்புகளை மாற்றும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மாற்றிய பின் ஒரு தடவை வாசியுங்கள், இடையில் இருந்த ஆங்கிலச் சொற்களும் சூத்திரங்களும் விசித்திரமான தமிழாகியிருக்கும்.

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களைப் பிடிஎப் ஆக இறக்கலாம். ஒரு வரியைப் பிரதியெடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் வாசிப்பான் வாசிக்கும். கிறுக்கலாக வந்தால், அல்லது தெரிவுசெய்யவே முடியாவிட்டால், பக்கத்தைப் படமாக்கிக் கூகிள் டிரைவில் ஏற்றி, ஆவணமாகத் திறந்தால் எழுத்தை அடையாளம் கண்டு தரும். தமிழுக்கு இது இப்போது நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் இரண்டு நிரலாக உள்ள பக்கம், அட்டவணை, படத்துக்குள் உள்ள எழுத்து மூன்றிலும் ஒழுங்கு குலையும். முழுப் புத்தகத்தையும் ஒரேயடியாகச் செய்யப் போகாதீர்கள். அடுத்த கிழமைப் பாடத்தை மட்டும், உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு செய்யுங்கள்.

பாடசாலையில் பழைய மடிக்கணினி இருந்தால் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானைப் போடலாம். அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் 2006 இல் தொடங்கியது, இன்று உலகெங்கும் பாவிக்கிறார்கள். அதோடு வரும் குரல் தமிழ் பேசும், இரும்பு உரசுவது மாதிரி இருக்கும். விண்டோஸ் 10 இல் தமிழ்க் குரலைச் சேர்த்தால் அதையும் என்விடிஏ எடுத்துக்கொள்ளும். அந்தக் குரலுக்கு மைக்ரோசொப்ட் வைத்த பெயர் வள்ளுவர். பிரெயில் பற்றி ஒரு வார்த்தை: இந்தப் பிள்ளையின் பார்வை நிலையானது, பெரிய எழுத்து போதும். ஆனால் வேறொரு பிள்ளைக்கு மாலைக்கண்ணோடு பார்வை வரவரக் குறைந்தால், இருக்கும்போதே பிரெயில் தொடங்க வேண்டும், போன பிறகல்ல.

சக்கர நாற்காலிப் பையனுக்கு ரப்லெட் ஒன்றும் செய்யாது, கையும் கண்ணும் நன்றாக இருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு வேண்டியது சாய்தளம். 1க்கு 12 என்பது அளவு: வாசல் படி 45 சென்ரிமீற்றர் உயரமென்றால் சாய்தளம் 5.4 மீற்றர், 60 என்றால் 7.2 மீற்றர். இடமில்லை என்று செங்குத்தாகப் போட்டால் அவனால் தனியே ஏற முடியாது, இறங்கும்போது கவிழும். அதைவிட வகுப்பைப் படி குறைந்த கட்டடத்துக்கு மாற்றுவது நல்லது. அதற்குக் காசே வேண்டாம், நேரசூசியைத் திருத்தினால் போதும். மேசைக்குக் கீழே முழங்கால் போக 70 சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். பின் சில்லில் 24 தர 1⅜ என்று எழுதியிருக்கும். சின்னப் பிள்ளைகளின் 24 அங்குலச் சைக்கிள் ரயர் அதற்கு ஏறாது, றிம் விட்டம் வேறு. சைக்கிள் கடையில் ரியூப்பைச் சமாளிக்கலாம், ரயரை முன்கூட்டியே ஒரு சோடி வாங்கி வைக்க வேண்டும். கிரவல் ஒழுங்கையில் முன் சின்னச் சில்லுதான் முதலில் போகும், தாங்கியில் மணல் ஏறாமல் வாரம் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடப் பழக்குங்கள். இருக்கையில் மெத்தை இருக்கிறதா, கால் உணர்வு இல்லாத பிள்ளையென்றால் அரை மணிக்கொரு தடவை கையூன்றி உடலைத் தூக்குகிறானா என்பதையும் பாருங்கள்.

அவன் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கிறானா என்று ஒருநாள் மெதுவாகக் கவனியுங்கள். கழிவறைக் கதவு சக்கர நாற்காலி நுழையாத அகலமென்றால், பல பிள்ளைகள் செய்யும் தீர்வு தண்ணீர் குடிக்காமல் விடுவதுதான். வெயில் காலத்தில் அது சிறுநீர்த் தொற்றில் முடியும், பிறகு வரவு இடாப்பில் "சுகமில்லை" என்று இருக்கும். கதவு 90 சென்ரிமீற்றர், வெளிப்பக்கம் திறக்க வேண்டும், பக்கச் சுவரில் ஒரு கைப்பிடி. கேட்பதற்குத் தயங்க வேண்டாம்: 1996 இன் 28 ஆம் இலக்கச் சட்டம் இயலாமையைக் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாரபட்சம் செய்வதைத் தடுக்கிறது, கட்டட அணுகல் ஒழுங்குவிதிகள் 2006 இலேயே வந்துவிட்டன.

நிறக் கண்ணாடித் தாள் வைத்தால் வாசிப்பு மெதுவான பிள்ளைகளுக்கு உதவுமாமே என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். இதுவரையான ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை, வாசிப்புச் சிரமத்துக்கென்று செய்த விசேட எழுத்துருக்களையும் அப்படித்தான். ஒரு பிள்ளை விரும்பினால் தடுக்க வேண்டியதில்லை, காசு செலவழிக்க வேண்டியதுமில்லை. வரிக்கு வரி வழி தவறும் பிள்ளைக்குக் கறுப்பு பிரிஸ்டல் போர்டில் ஒரு வரி தெரியுமளவு நீளத் துளை வெட்டிக் கொடுங்கள். மங்கிய பார்வைப் பிள்ளைக்கும் அது உதவும்.

பரீட்சையைப் பற்றி இப்போதே யோசியுங்கள். பெரிய எழுத்து வினாத்தாள், மேலதிக நேரம், எழுதுநர் போன்ற சலுகைகளுக்கு வைத்திய அறிக்கையோடு அதிபர் ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சாதாரண தரத்துக்கு இன்னும் நான்கு ஆண்டு இருக்கிறது. தரம் 7 தவணைப் பரீட்சையிலிருந்தே அதே நிபந்தனையில் எழுத விட்டு, எவ்வளவு நேரம் எடுத்தது என்று குறித்து வையுங்கள்.

கனடாக்காரருக்கு எழுதும்போது இப்படிக் கேட்கலாம்: ஒரு ரப்லெட், பவர்பாங்க், சரிவுப் பலகை, ஓராண்டுப் பற்றரியும், அச்சு எடுக்கப் போய்வரும் செலவும், ஒரு சோடி ரயர், கழிவறைக் கதவு. மீதியில் மூன்றிலொரு பங்கை அடுத்த ஆண்டுக்கு என்று வைத்திருக்கச் சொல்லுங்கள். படம் எடுத்து அனுப்ப ரப்லெட் அளவுக்கு அழகாக இருக்காது, அதை அவர் விளங்கிக்கொள்வார்.

நாளைக்குப் பையனிடம் அந்தக் கருவியைக் கொண்டுவரச் சொல்லி, பற்றரி மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே வெள்ளைத் தூள் பூத்திருந்தால், பல மாதம் பற்றரி உள்ளேயே கிடந்து கசிந்திருக்கிறது. காய்ந்த பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடையுங்கள், தண்ணீர் வேண்டாம். பிறகு புதுப் பற்றரி போட்டு, கையைக் குவித்து அதற்குள் கருவியை வையுங்கள். கீச்சென்று சத்தம் வந்தால் கருவி உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் கருவியின் மொடல் இலக்கத்தையும் பற்றரித் தாளின் நிறத்தையும் எழுதி அனுப்புங்கள், அடுத்து என்ன பார்ப்பது என்று சொல்கிறேன்.